யானையின் விலையும் தீனியின் விலையும்

பாணேரில் நாங்கள் குடியேறிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறு விடியற்காலையில் துகாய் மாதா கோயில் குன்றில் ஏறி இறங்குவது எங்கள் வழக்கம். அந்நேரத்தில் கீழே மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையை நோக்கி விரையும் இரண்டு மூன்று ஸ்போர்ட்ஸ் கார்களின் உறுமல் குன்றின் மேல்வரை கேட்கும். அந்த ஒலி கேட்டதும் எங்களில் ஒருவர் நடையை நிறுத்திவிடுவார். மற்றவர் நாலடி முன்னே போய்த் திரும்பிப் பார்த்துக் காத்திருப்பார். பல ஆண்டுகளாக நடந்துவரும் இந்த விளையாட்டு, சென்ற ஆண்டின் தொடக்கத்தில் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. அந்த உறுமல் ஒரு விலைச்சீட்டோடு எங்கள் முன் வந்து நின்றது: ரூ. 16 இலட்சம்.

பதின்மூன்று வயதான ஜெர்மானியக் கார். இருவர் மட்டுமே அமரலாம். பொத்தானை அழுத்தினால் துணிக்கூரை மடிந்து பின்புறம் மறைந்துவிடும். முழுவதும் வெளிநாட்டிலேயே தயாராகி இறக்குமதியானது. புதிதாக வந்தபோது அறுபது இலட்சத்துக்கும் மேல் விலை பெற்றது. ஓடியிருந்ததோ 31,000 கி.மீ. மட்டும். எங்கள் அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தில் வரிசையாக நிற்கும் நடுத்தர எஸ்.யூ.வி. ஒன்றின் விலைக்கு இது கிடைக்கிறதென்றால் எவர் மனந்தான் அசையாது?

நாங்கள் அதை வாங்கவில்லை. வாங்காததற்கு நாங்கள் போட்ட கணக்கை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில், இத்தகைய கார்களைத் தேடும் இளம் குடும்பங்கள் புனேயிலும் சென்னையிலும் கோவையிலும் பெருகிவருவதை நாங்கள் காண்கிறோம். யானையை வாங்குவது பெரிதன்று, கட்டித் தீனி போடுவதே பெரிது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது; அதன் தீனியின் விலை இறங்குவதில்லை. அறுபது இலட்சக் காரின் பிரேக் தட்டு, அந்தக் கார் பதினாறு இலட்சத்துக்குக் கைமாறியது என்பதற்காக மலிவாகிவிடாது. வாங்குபவர் கொடுப்பது பதினாறு இலட்சக் காரின் விலை. பராமரிப்பதோ அறுபது இலட்சக் காரை.

ஆகவே, மலிவான ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டதும் எழ வேண்டிய முதற்கேள்வி, இது ஏன் மலிவாயிற்று என்பதுதான். எங்கள் முன் நின்ற காரின் பதிவெண் டெல்லியைச் சேர்ந்தது. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அதன்பின் வயது வரம்பை நெருங்கும் கார்கள் அங்கிருந்து பிற மாநிலங்களுக்கு விலை குறைந்து வருவது வழக்கமாயிற்று. விலை குறைந்ததற்கு அது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை எங்களுக்குக் காட்டியவர் ஒரு மெக்கானிக்.

விற்பவரின் சம்மதத்தோடு காரை ஒரு தனிப்பட்டறைக்குக் கொண்டுசென்றோம். பிம்ப்ரி–சிஞ்ச்வாடும் சாக்கனும் அருகிருப்பதால் புனேயில் கை தேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. பட்டறைக்காரர் காரை லிஃப்டில் ஏற்றி, டார்ச் விளக்குடன் அடியில் நின்று ஒன்றரை மணி நேரம் பார்த்தார். கணினியை இணைத்துப் பிழைக்குறிகளைப் படித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "கார் நல்ல கார்தான், சாஹேப். ஆனால், இதற்கு வரவேண்டிய செலவெல்லாம் இன்னும் வரவில்லை. எல்லாம் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது" என்றார்.

அவர் எழுதித் தந்த பட்டியல் இது: நான்கு டயர்கள் ரூ. 1,10,000, முன்பின் பிரேக் தட்டுகளும் பேடுகளும் ரூ. 1,30,000; சஸ்பென்ஷன் கைகளும் புஷ்களும் ரூ. 1,60,000, வாட்டர் பம்ப், குளிர்விப்புக் குழாய்கள் ரூ. 90,000, கியர்பாக்ஸ் எண்ணெயும் வடிகட்டியும் ரூ. 40,000; பேட்டரி ரூ. 25,000, துணிக்கூரையை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு ரூ. 75,000. ஆக மொத்தம் ரூ. 6,30,000. இவற்றுள் ஒன்றுகூட ஆடம்பரச் செலவன்று. எதுவும் விபத்தால் நேர்ந்ததுமன்று. காலம் கடந்ததால் தானாக வந்து சேர்ந்தவை. கார் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் இச்செலவுகள் மறைந்திருந்தன.

குறைவாக ஓடியது என்பதே எங்களை ஈர்த்த முதல் தகுதி. அதுவே ஒரு குறையாகவும் முடியும் என்பதை அன்று கற்றோம். ரப்பர் ஓடினாலும் முதுமையடையும், நின்றாலும் முதுமையடையும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே, இரண்டாண்டுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும் என்பது பொது நியதி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதலிரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். எங்கள் காரின் டயரில் 2315 என்றிருந்தது. அதாவது, 2015 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் உருவானது. பள்ளம் மறையாமல் புதிதுபோல் தோன்றிய அந்த டயர்கள் ஏறத்தாழப் பத்தாண்டுப் பழமையானவை. அவற்றை நம்பி விரைவுச் சாலையில் ஏறுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சில கார்களில் இக்குறை ஒரே ஒரு சிறு பாகத்தில் ஒளிந்திருக்கும். உலகறிந்த எடுத்துக்காட்டு போர்ஷே நிறுவனத்தின் 996 தலைமுறை 911 காரும் அக்காலத்துப் பாக்ஸ்டரும். அவற்றின் எஞ்சினுக்குள்ளே இடைத்தண்டு ஒன்றைத் தாங்கும் பேரிங் உண்டு. அது சிதைந்தால் எஞ்சினே அழிந்துபோகக்கூடும். அமெரிக்காவில் இதன் பொருட்டு உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், 2001 முதல் 2005 வரையிலான கார்கள் சிலவற்றைக் குறித்து 2013-இல் சமரசம் ஏற்பட்டது. 2009 ஆம் ஆண்டு மாடல்களில் வந்த புதிய எஞ்சின்களில் அந்த இடைத்தண்டே இல்லை. அறிந்தவர்கள் கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும் வேளையிலேயே அந்தப் பேரிங்கையும் மாற்றிவிடுவார்கள். அறியாதவர்கள் எஞ்சினின் விலையைக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டு வேறுபாட்டில் ஒரே பெயருடைய கார் வேறொரு காராகிவிடுகிறது. பெயரையும் நிறத்தையும் கண்டு வாங்குவோர் இதைக் கவனிப்பதில்லை.

பட்டறைக்கு வெளியேயும் செலவுகள் காத்திருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இதற்கான கட்டணம் சாதாரணக் காருக்கு ரூ. 5,000, இறக்குமதியான காருக்கு ரூ. 40,000. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு இக்கட்டணங்கள் 2025 ஆகஸ்டில் முறையே ரூ. 10,000, ரூ. 80,000 என இரட்டிப்பாயின. மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டு கடந்த காருக்குச் சுற்றுச்சூழல் வரியும் உண்டு. வேறு மாநிலக் காரைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்து, அதன் வயதுக்கேற்ற சாலை வரியை இங்கே புதிதாகச் செலுத்த வேண்டும். இறக்குமதியான கார்களுக்கு இம்மாநிலத்தில் வரி விகிதமும் கூடுதல். முன்னர் டெல்லியில் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது அங்கே பதிவு செய்தவர் நடத்த வேண்டிய தனிப் பயணம்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். காப்பீட்டுப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படித்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். தேய்மானத்தால் நேரும் பழுதும் எஞ்சினின் இயந்திரக் கோளாறும் வழக்கமான காப்பீட்டில் அடங்கா. விபத்துக்கே இழப்பீடு கோரினாலும், ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களில் 50 விழுக்காடும், பத்தாண்டு கடந்த காரென்றால் உலோகப் பாகங்களிலும் 50 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படும். இக்கழிவை நீக்கும் 'ஜீரோ டெப்' கூடுதல் காப்பு இவ்வளவு பழைய கார்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஐந்தாண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வது. அது பதினாறு இலட்சத்தை எட்டினாலும், உடையும் பாகத்தின் விலை அறுபது இலட்சக் காருடையது என்பதை மறக்கலாகாது.

எரிபொருளையும் எண்ண வேண்டும். இப்போது நாடெங்கும் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் உருவான கார்கள் இந்த அளவை எண்ணி வடிவமைக்கப்பட்டவை அல்ல. சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கி.மீ. வரையிலான பயன்பாட்டுக்குப் பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்றும், அது பெருஞ்செலவன்று என்றும் மத்தியப் பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கியது. சாதாரணக் காருக்கு அது பொருந்தும். எஞ்சின் நெருக்கமாகப் பொருத்தப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு சிறு குழாயை எட்டவே அரைநாள் பிடிக்கும்; அங்கே பாகத்தின் விலையைவிடக் கூலி பெரிது.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. வைப்புத் தொகையாக எட்டு இலட்சம் வைத்திருந்தோம். எங்களில் ஒருவரின் தாயாருக்கு மூட்டு அறுவை சிகிச்சை செய்யும் காலம் நெருங்கியிருந்தது. மகள் கல்லூரிக்குச் செல்ல மூன்றாண்டுகள் இருந்தன. அந்த எட்டில் ஆறு இலட்சத்தை எடுத்து, மீதிப் பத்து இலட்சத்துக்குக் கடன் பெறுவது என்பது திட்டம். பதின்மூன்று வயதுக் காருக்கு வாகனக் கடன் கிடைப்பது அரிது. தனிநபர்க் கடன்தான் வழி. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனென்றால் மாதத் தவணை ரூ. 22,244. ஐந்தாண்டில் கட்டுவது ஏறத்தாழ ரூ. 13.35 இலட்சம். முதலாண்டுப் பழுதுநீக்கம் ரூ. 6.30 இலட்சம். அதன்பின் காப்பீடு, சர்வீஸ், தேய்மானம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு மூன்று இலட்சமாவது ஒதுக்குங்கள் என்றார் பட்டறைக்காரர். நான்காண்டுக்கு அது 12 இலட்சம். கையிலிருந்து தந்த ஆறையும் சேர்த்தால் ரூ. 37.65 இலட்சம். இதில் பெட்ரோலும் மறுபதிவு வரியும் புதுப்பிப்புக் கட்டணமும் சேரவில்லை. முடிவில் எங்களிடம் இருக்கப்போவது பதினெட்டு வயதுக் கார்.

இத்தனை செலவில் வாங்கும் வேகத்தை எங்கே செலவிடுவது? மும்பை–புனே விரைவுச் சாலையின் சமவெளியில் கார்களுக்கான வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ.; மலைப்பகுதியில் அதைவிடக் குறைவு. பாணேர் சாலையிலோ வேகத்தடைகளும் மழைக்காலக் குழிகளுமே தாழ்வான காரின் அடிப்பகுதியை அளந்து பார்க்கும்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புதிய காரை வாங்கியவர் முதல் சில ஆண்டுகளில் பெருந்தொகையை மதிப்பிறக்கத்தில் இழக்கிறார். பழைய காரை வாங்குபவர் அந்த இழப்பிலிருந்து தப்புகிறார். இது உண்மை. சில அரிய கார்கள் காலப்போக்கில் விலை ஏறியதும் உண்மை. காரின் ஒவ்வொரு திருகையும் அறிந்து, சொந்தக் கையால் பழுது நீக்கி மகிழ்பவர்களும் எங்கள் நண்பர்களிடையே உண்டு. உபரிப் பணமும் அறிவும் இன்னொரு காரும் உடையவருக்கு இது அழகிய பொழுதுபோக்கு. அவர்களை நாங்கள் தடுக்கவில்லை. அவசரத்துக்கென்று வைத்த பணத்தை உடைத்து, மீதியைக் கடனாக வாங்கி, அதே காரில் தினமும் ஹிஞ்சவடிக்கு வேலைக்குப் போக எண்ணுபவருக்கே எங்கள் எச்சரிக்கை. நாங்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தாம்.

ஆசையை ஒரேயடியாக அறுத்தெறிய எங்களால் இயலவில்லை. எனவே, ஒரு சோதனை செய்தோம். கார் வாங்கிவிட்டதாகவே எண்ணி, அதன் தீனிப் பணமான மாதம் ரூ. 25,000-ஐத் தொடர் வைப்புக் கணக்கில் ஓராண்டு கட்டுவது என முடிவு செய்தோம். முதல் நான்கு மாதம் எளிதாகப் போயிற்று. ஐந்தாம் மாதம் பள்ளிக் கட்டணம் வந்தது, சிரமப்பட்டுக் கட்டினோம். எட்டாம் மாதம் தாயாரின் அறுவை சிகிச்சை. இரண்டு தவணைகள் தவறின. வைப்புத் தொகை முழுமையாக இருந்ததால் மருத்துவமனையில் நாங்கள் எவரிடமும் கையேந்தவில்லை. கார் வாசலில் நின்றிருந்தால் அந்த மாதத்தில் என்ன செய்திருப்போம் என்பதை அன்றிரவு மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்து இருவரும் பேசிக்கொண்டோம். அதற்குமேல் எங்களுக்குப் புள்ளிவிவரம் எதுவும் தேவைப்படவில்லை.

வாங்கியே தீருவோம் என்பவர்களுக்குச் சில சொற்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் காரைக் காட்டுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே விடை. சர்வீஸ் பதிவுகளை முழுமையாகக் கேளுங்கள். அரசின் வாகன் தளத்தில் எத்தனையாவது உரிமையாளர், கடன் ஈட்டுக் குறிப்பு உண்டா, அபராதங்கள் நிலுவையா என்பவற்றைப் பாருங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். வேறு மாநிலக் காரென்றால் படிவம் 28 வழியான தடையின்மைச் சான்று, உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30, கடன் தீர்ந்திருந்தால் படிவம் 35 ஆகியவை கைக்கு வந்த பின்பே முழுப் பணம் தாருங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காரின் விலையில் பாதியளவு தொகை தனியே கையில் இல்லாமல் அந்தக் காரை வாங்காதீர்கள்.

கடன் தருவோரிடமும் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கடன் மனுவில் எங்கள் ஊதியத்தைக் கேட்கிறீர்கள். மற்றக் கடன்களைக் கேட்கிறீர்கள். பழைய காருக்கென்று கடன் கேட்பவரிடம், 'இதன் ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?' என்று ஒரு வரி கூடுதலாகக் கேட்டால் என்ன? அந்த வரியை நிரப்ப முயலும்போதே பலர் உண்மையை உணர்ந்துவிடுவர். பழைய கார் வணிகர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலிருக்கிறது. ஆவணங்களுக்கு அது ஒழுங்கு தருகிறது. எஞ்சினின் உடல்நலத்துக்கும் அதுபோன்றதோர் ஏற்பாடு வேண்டும். சர்வீஸ் வரலாற்றை வாங்குபவரிடம் ஒப்படைப்பது விற்பவரின் கடமை என்று விதி வகுத்தால், மறைந்திருக்கும் செலவுகளில் பாதி வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

தொடர் வைப்பின் ஓராண்டு முடிந்தபோது, தவறிய இரண்டு மாதம் போக, இரண்டரை இலட்சமும் அதற்கான வட்டியும் கைக்கு வந்தன. அதை மகளின் கல்லூரிப் பெயரில் போட்டோம். இந்த ஆண்டு மாதம் ரூ. 10,000-இல் மற்றொரு கணக்கு தொடங்கியிருக்கிறோம். அதற்கு இன்னும் பெயரிடவில்லை. ஞாயிறு காலையில் குன்றின்மேல் நிற்கும்போது கீழே உறுமல் கேட்கத்தான் செய்கிறது. எங்களில் ஒருவர் இன்னும் நடையை நிறுத்துகிறார். மற்றவரும் இப்போது கூடவே நின்று கேட்கிறார்.